காலண்டரில் ஒரு பச்சைச் சேலை

"உங்க படத்துல ஏன் ஆளே இல்ல?"

"ஆளு வந்துட்டா கண்ணு அங்கனயே போயி நின்னுக்கிடும். அதுக்கப்புறம் வெளிச்சத்த யாரு பாப்பாக?"

"அப்பச் சரி. நான் குறுக்க நிக்கல."

கல்யாணமான இரண்டாம் மாதம் நடந்த பேச்சு இது. ராஜசிங் குழாயடியில் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தான். ஜாஸ்பின் துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தையை அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்துத் தலையணை உறையை உதறியபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனோ நிமிராமல் தூரிகையின் நுனியை விரலால் கூராக்கிக்கொண்டே இருந்தான். வேடிக்கையாக வாயிலிருந்து போன வார்த்தை அன்றைக்கே சட்டமாகி, நான்கு வருஷமாக அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

ராஜசிங் சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். ஜாஸ்பின் தாயில்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விருதுநகரில் வீடு. தினமும் காலையில் சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தாயில்பட்டிக்கு ஒரு பஸ் என்று அவள் மாறி மாறிப் போய் வருவாள். சனிக்கிழமை அவனுக்கு லீவு, அவளுக்கு டியூட்டி. அன்றைக்குக் காலையில் அவள் வெள்ளைச் சேலையின் மடிப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருக்கும்போது, வாசலில் அவன் டிவிஎஸ் மொபெட்டின் பின்னால் வரைபலகையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பான். எங்கே போகிறான் என்று அவனும் சொல்ல மாட்டான், அவளும் கேட்க மாட்டாள். நானும் வாறேன் என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு தடவை, தன்னோடு வேலை பார்க்கும் நர்ஸிடம் கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு, தலை சீவிப் பூ வைத்து, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தாள். "கதவப் பூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான். வெளிச்சத்தைப் பார்க்கப் போகிறவனுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவளும் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அவன் வரைவது எல்லாமே வாட்டர் கலர். கிட்டத்தில் பார்த்தால் ஈரத்தில் ஊறிப்போன கறைகள் மாதிரி இருக்கும். ஜாஸ்பினுக்குக் கல்யாணமான புதிதில் அவை முடிந்த படங்களா, இனிமேல்தான் வரையப் போகிறானா என்றே புரியவில்லை. நான்கு எட்டு பின்னால் போய்க் கதவோரம் நின்று பார்த்தால்தான் கறை கண்மாயாகும், இன்னொரு கறை பனைமரமாகும், ஒன்றுமே தீட்டாமல் விட்ட இடம் தண்ணீரில் விழுந்த வெயிலாகும். பிரான்ஸ் தேசத்தில் ஒரு கூட்டம் இப்படித்தான் வீட்டை விட்டு வெளியே போய், வெயில் மாறுவதற்குள் அவசர அவசரமாகத் தீட்டினார்களாம். அதற்கு இம்ப்ரெஷனிசம் என்று பேராம். அவன் சொல்லியிருக்கிறான். காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்று பார்த்துப் பழகியவளுக்கு, கோடு இல்லாத அந்த உலகம் கொஞ்சம் தலைசுற்றலாக இருந்தது. ஆனாலும் அவன் வீட்டில் இல்லாத நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துக் கதவோரம் போய் நின்று பார்ப்பாள். அந்த இடங்களிலெல்லாம் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான், என்ன தின்றிருப்பான், யாரோடு பேசியிருப்பான் என்று யோசிப்பாள். சர்ச்சில் பெண்கள் "நாலு வருசமாச்சே, விசேஷம் ஒண்ணுமில்லியா?" என்று கேட்கும்போதும் அவளுக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஆளே இல்லாத படங்கள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆடிப் பெருக்கு முடிந்த மறுவாரம், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த அய்யாதுரை மருந்துக்கடைக்குக் காலண்டர் ஆல்பம் வந்து இறங்கியது. ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷத்துக்கான மாதிரிப் படங்களை ஆல்பமாக வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். அய்யாதுரை ஒவ்வொரு வருஷமும் முருகனா, குழந்தைப் படமா என்று தீர்மானிக்க முடியாமல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக் கருத்துக் கேட்பார். பஞ்சு வாங்கப் போன ஜாஸ்பினிடமும் நீட்டினார்.

சாமிகளைத் தாண்டி, கன்னத்தில் கை வைத்த குழந்தைகளைத் தாண்டி, சீனரி பக்கம் வந்ததும் அவள் கை நின்றது. சாயங்கால வெயிலில் ஒரு கண்மாய். இடது கைப் பக்கம் இரண்டு மூன்று பனைகள், வலது கைப் பக்கம் ஒரு பெரிய மரம், பின்னால் கரட்டு மேடு. தண்ணீரில் வெயில் விழுந்த இடங்கள் பிளேடால் கீறி வெள்ளையாக்கப்பட்டிருந்தன. பலகையைச் சாய்த்து வண்ணத்தைத் தானாக ஓடவிட்ட அந்தக் கீழ்வானம், அவள் எத்தனையோ தடவை கதவோரம் நின்று பார்த்த வானம். கையெழுத்து இல்லாவிட்டால் என்ன? ராஜசிங்கின் கை அது. சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த மரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, இடுப்பில் குடம். முகம் கிடையாது, வெறும் ஒரு சாய்வுதான். அந்தச் சாய்விலேயே அவள் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறாள் என்பது தெரிந்தது.

"எப்படி நர்சம்மா இருக்கு? கொஞ்சம் தண்ணி கொட்டுன மாதிரி இருக்குல்ல?" என்றார் அய்யாதுரை.

நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னாளா, இல்லையென்று சொன்னாளா, அவளுக்கே ஞாபகம் இல்லை. பஞ்சை வாங்காமலே திரும்பி வந்து, மறுபடியும் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று முழுக்க அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆள் வந்தால் வெளிச்சத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவன், ஒருத்திக்காக அந்தக் கொள்கையை விட்டிருக்கிறான். அந்த ஒருத்தி யார்? அந்தக் கண்மாய் எங்கே இருக்கிறது? வீட்டில் ஒரு படம்கூட அவள் பார்க்காமல் தப்பியதில்லை. இதை மட்டும் அவள் பார்த்ததில்லையே, ஏன்? வேண்டுமென்றே ஒளித்துவைத்துவிட்டு, ஊரெல்லாம் தொங்கும்படி அச்சடிக்கக் கொடுப்பானா ஒருத்தன்? ஒளிக்கிறவன் காலண்டரிலா ஒளிப்பான்? யோசிக்க யோசிக்க இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தது, இரண்டு பக்கமும் தப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் போனாள். ராஜசிங் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பையன்கள் வரைந்த பூஜாடிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். "ரொம்பக் கூட்டமா இன்னைக்கு?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவ்வளவுதான். அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தைவிட, உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பெரிதாக இருந்தது.

மறுநாள் அய்யாதுரையிடம் கெஞ்சி அந்த ஒற்றைத் தாளை மட்டும் ஆல்பத்திலிருந்து கழற்றி வாங்கிவந்து, ஆஸ்பத்திரி ஆயா சண்முகத்தாயிடம் காட்டினாள். சண்முகத்தாய் சுற்றுப்பட்டி எல்லாம் சுற்றியவள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று எல்லாக் கம்பெனி வேனிலும் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். யார் வரைந்த படம் என்பதை ஜாஸ்பின் சொல்லவில்லை. இந்த இடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம பக்கம் கம்மாய்க்கா பஞ்சம், தண்ணிக்குத்தான நர்சம்மா பஞ்சம்" என்று சிரித்தாள் சண்முகத்தாய். பிறகு தாளைத் தள்ளிப் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தாள். பனை இடது பக்கம், மரம் வலது பக்கம், பின்னால் கரடு என்று முணுமுணுத்தாள். வெம்பக்கோட்டை போகிற வழியில் இப்படி ஒரு கண்மாய் உண்டு என்று அடித்துச் சொன்னாள். எதற்காக இதைத் தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டபோது ஜாஸ்பின் சும்மாதான் என்றாள். சண்முகத்தாய் ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்ததும் இருவரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஆடி மாதத்துக் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. படத்தில் தண்ணீர் தளும்பிய இடத்தில் சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. ஆனாலும் இடது கைப் பக்கம் பனைகள் இருந்தன, வலது கைப் பக்கம் மரம் இருந்தது, பின்னால் கரடும் இருந்தது. மரத்தடியில், ஆடுகளை மேயவிட்டுவிட்டு, ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் சேலை பச்சை.

ஜாஸ்பின் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். கருப்பம்மாள் என்று பேர் சொன்ன அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த, களையான முகம். இங்கே யாராவது படம் வரைய வருவார்களா என்று சண்முகத்தாய்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"வந்துச்சே ஒரு ஆளு" என்றாள் கருப்பம்மாள். "கண்ணாடி போட்ட ஆளு. டிவிஎஸ்ல பலகையக் கட்டிக்கிட்டு. போன வருசம் தண்ணி கெடந்தப்ப."

"உங்கள வச்சுப் படம் வரைஞ்சாகளா?" ஜாஸ்பின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னையவா? நல்லாக் கேட்டீக. கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மான்னுச்சு. தள்ளி நின்னேன். இன்னும் கொஞ்சம்னுச்சு. ஆட்டையும் ஓட்டிக்கிட்டுக் கரைக்கு அந்தப் பக்கமே போயிட்டேன். எங்க ஆடு நின்னாக்கூடக் கெட்டுப்போகுமாம் அந்தப் படம். அம்புட்டு ஒசத்தியா ஒரு படம்."

திரும்பி வரும்போது ஜாஸ்பினுக்கு நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இவள் இல்லை. இவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் தள்ளி நிற்கச் சொல்லாமல், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டு வரைந்தானே, அந்த ஒருத்தி யார்? தெரியாமல் இருந்ததைவிட இப்போது இன்னும் மோசமாக இருந்தது. ஷேர் ஆட்டோவின் குலுக்கலில் ஒரு கட்டத்தில் அவள் சண்முகத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சண்முகத்தாய் கேட்டு முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? படம் அடிச்ச கம்பெனி பேரு தாளுல கீழ இருக்குல்ல. என் மருமகன் அங்கனதான் வேல பாக்காரு. கம்பியூட்டர்ல படத்தச் சரி பண்ணுத வேல. நாளைக்கே போவோம்."

மறுநாள் சனிக்கிழமை. ராஜசிங் வழக்கம்போலப் பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஜாஸ்பின் மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, தலைவலி என்று அனுமதி வாங்கிக்கொண்டு, சண்முகத்தாயோடு சிவகாசிக்குப் பஸ் ஏறினாள்.

அச்சகத்தில் சீசன் தொடங்கியிருந்தது. காகித லோடு இறங்கிக்கொண்டிருந்த வாசலைத் தாண்டி, மை வாடை மூக்கைத் துளைக்கும் கூடத்தைத் தாண்டி, உள்ளே ஒரு குளிர்ந்த அறையில் காளீஸ்வரன் இருந்தான். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து நின்று, சாப்பிட்டீகளா அத்தை என்று கேட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஜாஸ்பின் தாளை விரித்துக் காட்டினாள். இந்தப் படத்தின் அசல் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவனுக்கு உடனே நினைவு வந்தது. அந்த டிராயிங் சார் தானாகவே கொண்டுவந்து முதலாளியிடம் கொடுத்தாராம். துட்டு எதுவும் வேண்டாம், அச்சானதும் ஒரு காலண்டர் கொடுத்தால் போதும் என்றாராம். முதலாளி முதலில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம். பிறகு இந்த வருஷம் வித்தியாசமாக ஒன்று இருக்கட்டும், ஆனால் வீட்டில் மாட்டுகிற மாதிரி சரி பண்ணு என்று சொல்லிவிட்டாராம்.

"என்ன சரி பண்ணுனீக?" என்றாள் ஜாஸ்பின்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. கடைப் பேரு போடுத எடத்துல மரம் வந்து மறைச்சது. அதனால படத்த வலது இடதாத் திருப்பிட்டேன். சாமி படம்னா திருப்பக் கூடாது, வேல் எடக்கைக்குப் போயிரும். சீனரிக்கு வலது இடது கிடையாதுல்ல. பொறவு அந்தப் பொம்பள வெள்ளச் சேலையில நின்னுச்சு. வருசப் பொறப்பன்னைக்கு வீட்டுல மாட்டுத காலண்டர்ல வெள்ளச் சேல கட்டி ஒருத்தி நின்னா யாரு வாங்குவா அக்கா? அதான் மங்களமா இருக்கட்டும்னு பச்சையாக்குனேன். தோள்ல ஒரு பை கெடந்துச்சு. சீனரிக்குப் பை நல்லாருக்காதுன்னு அதக் கொடமா மாத்திட்டேன்."

சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து அட்டை உறையை எடுத்து, அசல் படத்தை மேஜையில் வைத்தான்.

ஜாஸ்பின் குனிந்து பார்த்தாள். வெறும் கறைகள். எழுந்து, அச்சடித்த தாள்கட்டுகளுக்கு நடுவே பின்னால் பின்னால் நடந்து கதவோரம் போய் நின்றாள். மரம் இடது பக்கத்துக்கு வந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் சதுரமாக ஒன்று, பஸ் ஸ்டாப் நிழற்குடை. கண்மாய்க்கு அக்கரையிலிருந்து யாரோ பார்த்த பார்வை. தாயில்பட்டியில் தினமும் அவள் பஸ்ஸுக்கு நின்ற இடம்தான். ஒரு நாளும் அவள் அந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்ததில்லை.

நிழற்குடைக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு வண்ணமே இல்லை. சுற்றிலும் மரத்தின் கருநிழலைத் தீட்டி, அவளை மட்டும் தூரிகை தொடாமல் விட்டிருந்தான். வெறும் காகிதம்தான் சேலையாக இருந்தது. படத்தில் அதைவிட வெளிச்சமான இடம் எதுவும் இல்லை. தோளில் காபிப்பொடி நிறத்தில் ஒரு தீற்றல், அவளுடைய பை. அந்தப் பக்கமே தோள் இறங்க, மறுகாலில் பாரத்தைப் போட்டு நிற்கிற சாய்வு. டியூட்டி முடிந்து நிற்கும் அவளுடைய அலுப்பு.

சண்முகத்தாய் அதற்குள் மேஜைமேல் கவிழ்ந்து படத்தின் ஒரு மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நர்சம்மா பக்கத்துல நீலமா ஒண்ணு இருக்கே, இது என்ன மருமகனே?"

"அது என்னமோ தீத்தல் அத்தை. ஒண்ணும் வெளங்கல. பின்னாடி இருந்த சாம்பல் கட்டத்தோட சேத்து மரமாக்கி அழிச்சிட்டேன்."

"ஆயா சேல என்ன நெறம்?" என்று தன் நீல யூனிபாரம் சேலையின் முந்தானையை எடுத்துக் காட்டினாள் சண்முகத்தாய். "பொண்ணக் கட்டிக் குடுத்த மாமியாள மரத்துக்குள்ள ஒளிச்சுட்டு, ஒண்ணும் வெளங்கலயாம். என் மககிட்டச் சொல்லுதேன் இருங்க."

காளீஸ்வரன் படத்தையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஜாஸ்பினின் வெள்ளைச் சேலையைப் பார்த்தான், தோள் பையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து சண்முகத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாஸ்பினுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறி, கண்ணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

டிராயிங் சாரின் வீட்டுக்காரிதான் நர்சம்மா என்று சண்முகத்தாய் சொன்னதும், அசலைச் சாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், நீங்களே கொண்டுபோங்கள் என்று காளீஸ்வரன் கொடுத்துவிட்டான். விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அட்டை உறையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். பச்சைச் சேலைக்காரி என்று ஒருத்தி உலகத்திலேயே இல்லை. அதற்கு சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷமும் இருந்தது. கூடவே கோபமும் வந்தது. அவ்வளவு தூரம் வந்து, கண்மாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவளையே பார்த்து வரைந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஏன் கூப்பிடவில்லை? நோயாளியைப் பார்க்கிற மாதிரி, பறவையைப் பார்க்கிற மாதிரி, ஒரு புருஷன் பெண்டாட்டியை ஒளிந்து நின்று பார்ப்பானா? இதைப் பிரியம் என்று எடுத்துக்கொள்வதா, விலக்கம் என்று எடுத்துக்கொள்வதா? அந்த வெள்ளைக் காகிதத்தை நினைத்தால் ஒன்று தோன்றியது, அந்தக் கண்மாயின் அகலத்தை நினைத்தால் வேறொன்று தோன்றியது.

வீடு பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமைகளில் அவள் வரும்போது அவன் எப்போதும் வீட்டில் இருப்பான், டீ கொதிக்கும் வாசம் வாசலிலேயே அடிக்கும். இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரமாகியும் அவனைக் காணவில்லை. அவளே டீ போட்டாள். குடிக்காமல் மூடி வைத்தாள்.

மொபெட் சத்தம் கேட்டபோது நன்றாக இருட்டியிருந்தது. ராஜசிங் பலகையைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் புழுதி. கூடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"நீ எப்ப வந்த?"

"அப்பவே."

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலயா?"

"போனேனே."

"இல்ல, சாயங்காலம்..." என்று ஆரம்பித்துவிட்டு அவன் நிறுத்தினான்.

"சாயங்காலம் என்ன?"

அவன் நெற்றியைத் துடைத்தான். "ரெண்டு பஸ்சு போயிருச்சு. நீ வரல. உள்ள போயிக் கேட்டேன். மத்தியானமே தலைவலின்னு கெளம்பிட்டாகன்னாக. நீ எந்தப் பக்கம் போனேன்னு யாருக்கும் தெரியல. சிவகாசி பஸ் ஸ்டாண்டுல வேற தேடிட்டு வாறேன்."

சொன்ன பிறகுதான் தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது போல. தலையைக் குனிந்துகொண்டான். ஜாஸ்பின் அட்டை உறையிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் சாய்த்து வைத்தாள். அதைப் பார்த்ததும் அவன் அப்படியே கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மருந்துக்கடை ஆல்பத்திலிருந்து கருப்பம்மாள் வரைக்கும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைச் சேலையைச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. பையைக் குடமாக்கியதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிரிக்கிறானா, வேதனைப்படுகிறானா என்று தெரியவில்லை.

"வருசப் பொறப்புக்குக் கொண்டாந்து மாட்டுவோம், நீ பாத்துட்டுக் கேப்பேன்னு நெனச்சேன்" என்றான். "வாயால சொல்ல எனக்கு வரல."

"நான் அங்கன கால் கடுக்க நிக்கேன். பஸ்சுல இடி வாங்கிக்கிட்டு வாறேன். நீங்க எதுக்க வண்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீகளா?"

"கூட்டிட்டு வரலாம்னுதான் மொத தடவ வந்தேன்."

"பொறவு?"

அவன் கழற்றிய கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டான். "நீ அந்த ஆயா அம்மாகூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்ன. கையத் தட்டித் தட்டிச் சிரிச்ச. நம்ம வீட்டுல நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நான் கிட்ட வந்தா நின்னுரும்னு தோணிச்சு. அதனால இந்தப் பக்கமே உக்காந்துட்டேன். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடத்தான் வந்தேன். அதுக்கடுத்தும் வந்தேன்."

ஜாஸ்பின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் தான் சிரித்ததே இல்லையா? கல்யாணமான புதிதில் சிரித்திருப்பாள். எப்போது நின்றது? குழாயடியில் நின்ற அந்த நாளைச் சொன்னாள். ஆள் குறுக்கே வந்தால் வெளிச்சம் தெரியாது என்று அவன் சொன்னதைச் சொன்னாள்.

"நானா சொன்னேன்?" என்றான் ராஜசிங். அவன் கண்களில் கள்ளமே இல்லை. உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு வருஷமாக அவள் மீறாமல் காத்த சட்டத்தைப் போட்டவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவள் ஒதுங்கி நின்றதை அவன் விருப்பமின்மை என்று நினைத்திருக்கிறான். அவன் ஒதுங்கி நின்றதை அவளும் அப்படியேதான் நினைத்திருக்கிறாள். இதில் யார் மேல் கோபப்படுவது? சண்முகத்தாய் இருந்தால் இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொன்று வைத்திருப்பாள்.

அடுப்படிக்குப் போய் டீயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். ஒரு தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, தானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தலைவலியா, மாத்திரை போட்டாயா என்று அவன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். தொண்டைக்குள் அந்தப் பழைய வார்த்தை மறுபடியும் ஏறி வந்தது. இந்தத் தடவை அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனாலும் குரல், நான்கு வயதுக் குழந்தை திருவிழாவுக்குக் கூட்டிப்போகக் கேட்கிற மாதிரி இருந்தது.

"வார சனிக்கிழமை நான் லீவு போடுதேன்" என்றாள். "நீங்க படம் வரைய எங்க போறீகளோ, என்னையும் கூட்டிட்டுப் போங்க."